ஈரச்சாக்கு

உட்காருங்கள் அம்மா. அந்த நாற்காலி வேண்டாம், ஆடும். இதில் உட்காருங்கள். அவள் புடவை கட்டிக்கொண்டிருக்கிறாள். விடிந்ததிலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறாள். நான் பாருங்கள், எப்போதோ தயார். சட்டைக்கு இஸ்திரி போட்டு, சால்வையும் எடுத்து மடித்து வைத்துவிட்டேன். உங்கள் ஜீப் சத்தம் கேட்டதும் முதலில் வாசலுக்கு வந்தது நான்தானே? நீங்கள் என்னைத் தாண்டி உள்ளே பார்த்து, "அம்மா ரெடியா சார்?" என்று கேட்டீர்கள். பரவாயில்லை. யாரோ உங்களிடம் அரைகுறையாகச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஆனைக்கல்மலை சூரிய ஆய்வுக்கூடத்தின் முன்னாள் நிர்வாக அலுவலர் கோதண்டபாணி, அவர் மனைவி தையல்நாயகி. இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லும்போது ஒன்று விட்டுப்போயிருக்கும். நிர்வாகத்தில் இதெல்லாம் சகஜம்.

உங்கள் பெயர் என்ன சொன்னீர்கள்? யாஸ்மினா. நல்ல பெயர். ஜீப்பை நீங்களே ஓட்டிக்கொண்டு வந்தீர்களா? இந்த வளைவிலா? சூரியனைப் பார்க்கிற கோபுரத்தில்தான் வேலையா? காலையில் தனியாகவா? ஓ. சரி. காலம் மாறிவிட்டது. மாற்றியவர்களில் நானும் ஒருவன் என்று நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆனால் வேறு யாரும் சொல்லவில்லையே, நான் என்ன செய்ய?

இன்றைக்குக் கோபுரத்துக்கு டாக்டர் சொர்ணவடிவு பெயரை வைக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். அந்தம்மாவுக்கு எண்பது தாண்டியிருக்கும். "தையல்நாயகி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் மேடை ஏறுவேன்" என்றாராமே? அதுதான் எனக்குப் புரியவில்லை. இவளுக்கும் வானியலுக்கும் என்னம்மா சம்பந்தம்? இவளுக்குச் சூரியன் என்றால் வடகம் காயவைக்க.

உள்ளேயிருந்து ஏதோ சொல்கிறாள். காதில் வாங்காதீர்கள்.

அந்தம்மா வந்த கதையைக் கேளுங்கள். நாங்கள் எல்லாம் மலைமேல் நிம்மதியாக இருந்தோம். பத்துப் பன்னிரண்டு விஞ்ஞானிகள், எல்லோரும் ஆண்கள், ஒருவருக்கொருவர் அனுசரணையாக இருந்தார்கள். ஒரு நாள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்து இறங்குகிறார். வெளிநாட்டில் டாக்டர் பட்டம். கையில் வேலை உத்தரவு. உத்தரவில் டாக்டர் எஸ். வடிவு என்று இருந்தது, நாங்கள் யாரோ செட்டிநாட்டுப் பையன், பெயரைச் சுருக்கியிருக்கிறார்கள் என்று நினைத்து, குவார்ட்டர்ஸில் ஏற்கெனவே ஒரு பையன் தங்கியிருந்த வீட்டையே ஒதுக்கிவிட்டோம். அங்கே இருந்த பையன் ராத்திரியோடு ராத்திரியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு வீட்டுக்கு ஓடினான். ஆரம்பமே குழப்பம்.

அவரை எங்கே உட்கார வைப்பது? டைரக்டர் ரங்கதுரை ரொம்பப் பண்பானவர். "பெண் பிள்ளை, வெயிலில் நிற்கக் கூடாது" என்று, சூரியனைப் படம் எடுத்த பழைய போட்டோத் தகடுகள் அடுக்கி வைத்திருந்த அறையில் உட்கார வைத்தார். சூரியனை ஆராய வந்தவரை வெயில் படாமல் பார்த்துக்கொண்டோம். யார் செய்வார்கள்? ஃபேன் வேறு போட்டுக் கொடுத்தேன்.

அவருக்கு அது போதவில்லை. வந்த வாரத்திலேயே கோபுரம் வேண்டும் என்றார்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் சொல்கிறேன், எனக்கு விருந்தாளிகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கம். சூரியனைப் பார்ப்பதென்றால் விடிந்து முதல் இரண்டு மூன்று மணி நேரம்தான். அதற்குப் பிறகு தரை சூடாகிவிடும், காற்று நடுங்கும், சூரியனின் பிம்பம் உலையில் அரிசி மாதிரி கொதிக்க ஆரம்பித்துவிடும். கோபுரத்து உச்சியில் கண்ணாடி. அது சூரியனைப் பிடித்துக் கீழே இருட்டறைக்கு அனுப்பும். அங்கே மேஜைமேல் தாம்பாளம் அகலத்துக்குச் சூரியன் வந்து படுத்திருக்கும். தலையை ஆட்டுகிறீர்களே, புரிகிறதா? சிலபேருக்கு இது சட்டென்று புரியாது.

அந்தக் காலை நேரத்தை ஆண்கள் தங்களுக்குள் பங்கு போட்டு வைத்திருந்தார்கள். முக்கால்வாசி டாக்டர் பரசுராமனுக்கு. பெரிய மூளை. என்ன, காலையில் எழுந்திருக்க மாட்டார். அவர் காபி குடித்துவிட்டு வருவதற்குள் சூரியன் கொதித்துவிடும். இருந்தாலும் அவர் பங்கு அவர் பங்குதானே?

வேறு இடமாக இருந்தால் எங்களுக்குக் கஷ்டமே இல்லை. நட்சத்திரம் பார்க்கிற இடங்களில், "ராத்திரி வேலை, பெண்களுக்குப் பாதுகாப்பில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். டைரக்டரும் பழக்க தோஷத்தில் அதைத்தான் சொன்னார். அந்தம்மா, "சார், சூரியன் ராத்திரி ட்யூட்டி பாக்கிறதில்லையே" என்று சொல்லிவிட்டார். டைரக்டர் என் முகத்தைப் பார்க்கிறார். நான் சுவரைப் பார்க்கிறேன்.

அப்புறம் படிக்கட்டைக் காரணம் சொன்னோம். கோபுரத்துக்கு இரும்புப் படி, சந்து சந்தாக இருக்கும். புடவை கட்டிய பெண் ஏறும்போது கீழே நாலு பேர் நடமாடுவார்கள், நன்றாகவா இருக்கும்? மறுநாள் பேண்ட் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அதற்கு ஒரு கூட்டம் போட்டோம். பேண்டை எதிர்த்து விதி எதுவும் கிடைக்கவில்லை.

அப்போதுதான் அம்மா, எனக்கு அந்த யோசனை வந்தது. என்னுடைய யோசனைதான், டைரக்டருடையது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோபுரத்தின் பக்கத்தில் பெண்களுக்குக் கழிவறை இல்லை! பெண் ஊழியரை ஓர் இடத்தில் வேலைக்கு அமர்த்தினால் அங்கே பெண்களுக்கான கழிவறை இருந்தாக வேண்டும். விதி இருக்கிறது. அருமையான விதி. பெண்கள் நல்லதுக்காகவே போட்டது.

ஆண்களுக்கு இருந்ததா என்றா கேட்கிறீர்கள்? இல்லை. எங்களுக்கு யூகலிப்டஸ் மரங்கள் இருந்தன.

அந்தம்மா என் மேஜைக்கு வந்தார். "கோதண்டபாணி சார், என் வீடு கூப்பிடு தூரத்துல இருக்கு. தேவைப்பட்டா நான் போய்ட்டு வந்துக்க மாட்டேனா? இதெல்லாம் ஒரு காரணமா?" என்றார். நான் பொறுமையாகச் சொன்னேன்: "அம்மா, நீங்க போய்ட்டு வரலாம். விதி போய்ட்டு வராது. உங்க நல்லதுக்குத்தான்." அவர் என் முன்னாலிருந்த விதிப் புத்தகத்தைப் படாரென்று மூடிவிட்டுப் போனார். நன்றி சொல்ல மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

கழிவறைக்கு ஃபைல் போட்டேன். அது ஊரெல்லாம் சுற்றியது. ஒரு பெண்ணுக்காக ஒரு கழிவறையா என்று மேலே கேட்டார்கள். இன்னும் பெண்கள் வருவார்கள் என்று எழுதினேன். எப்போது வருவார்கள் என்று கேட்டார்கள். கழிவறை இருந்தால் வருவார்கள் என்று எழுதினேன். பெண்கள் வந்தபின் கட்டலாம் என்று பதில் வந்தது. ஏழு வருஷம் அம்மா! ஏழு வருஷம் அந்த ஃபைலை நான் சாக விடவில்லை. இன்றைக்கு மேடையில் இதை யாராவது சொல்வார்களா, பாருங்கள்.

அந்த ஏழு வருஷமும் அவர் தகட்டு அறையில் இருந்தார். சும்மா இருந்தாரா? நாங்கள் எடுத்துத் தூசி படிய வைத்த தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து என்னவோ கண்டுபிடித்துவிட்டார். சூரியனின் ஓரத்தில் தீ இழை ஒன்று வளைந்து நிற்குமே, சில சமயம் வெடித்துப் பறந்துவிடுமே, அது திடீரென்று வெடிப்பதில்லையாம். அதற்கு முன்னால் மெல்ல மெல்ல மேலே எழும்புகிறதாம். இதை எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்துதான் இவளுக்கு விளக்கினார். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "பால் பொங்குறதுக்கு முன்னாடி ஏடு மெதுவா எழும்பும்லா அக்கா, அது மாதிரி" என்கிறார். இவள், "அப்ப ஏடு எழும்பறதப் பாத்தா பொங்கப் போகுதுன்னு தெரிஞ்சிரும்ல?" என்கிறாள். "அதேதான் அக்கா! இத டைரக்டருக்குச் சொல்லிப் புரியவைக்க ஒரு வருஷமாச்சு" என்று இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். டைரக்டரை அடுப்படியில் வைத்துச் சிரிக்கலாமா? ஆனால் நான் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

அவர் கஷ்டம் என்னவென்றால், பழைய தகடு நாளுக்கு ஒன்றுதான். நேற்று இழை கீழே, இன்றைக்கு மேலே. நடுவில் என்ன நடந்தது என்று யாரும் பார்க்கவில்லை. ஒரே காலையில் விடாமல் படம் எடுத்துக்கொண்டே இருந்து, ஏடு எழும்பி பால் பொங்குகிற வரைக்கும் காட்டினால்தான் ஊர் நம்பும். அதற்குக் கோபுரம் வேண்டும். காலை வேண்டும். இழை எழும்புகிறதா என்று பார்த்துச் சொல்லும்படி டைரக்டர் பரசுராமனிடம் சொன்னார். பரசுராமன் ஒரு காலை வந்து பார்த்தார். காபிக்குப் பிறகு. "ஒண்ணும் எழும்பல" என்று சொல்லிவிட்டார்.

ஒரு நிமிஷம் அம்மா. உள்ளே போய்விட்டு வந்துவிடுகிறேன். சர்க்கரை. அரை மணிக்கு ஒரு தடவை எழுப்பிவிடும்.

ம். எங்கே விட்டேன்? அனுமதி வந்தது. கழிவறை கட்டலாம்! எங்கே கட்டுவது? கோபுரத்துக்கு மேற்கே நல்ல சமதரை. அந்தம்மாவும் வந்து சொன்னார். "சார், மேற்க கட்டுங்க. கிழக்க மட்டும் வேண்டாம். காலைல காத்து கிழக்கயிருந்துதான் வருது. அங்க ஒரு கூரை சூடானா, அந்தச் சூட்டை அப்படியே கண்ணாடிக்கு முன்னால கொண்டுவந்து விட்டுரும். படம் நடுங்கும்."

சொல்வது சுலபம். மேற்கே கட்டினால் டைரக்டர் அறை ஜன்னலுக்கு நேராக இருக்கும். வெளிநாட்டு விருந்தாளிகள் காபி குடித்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பெண்கள் கழிவறையைப் பார்க்க வேண்டுமா? நிர்வாகம் என்றால் நாலையும் யோசிக்க வேண்டும். கிழக்கு மேட்டின்மேல் கட்டினேன். மேடாக இருந்தால் மழைத் தண்ணீர் தேங்காது. கட்டினேன் என்றால் சாதாரணமாகவா? வழவழவென்று தரை, பித்தளைத் தாழ்ப்பாள், கான்கிரீட் கூரை. மலையில் மழை ஜாஸ்தி, ஒழுகக் கூடாதென்று கூரைமேல் கெட்டியாகத் தார் பூசினேன். கறுகறுவென்று யானை முதுகு மாதிரி பளபளக்கும்.

ஏம்மா தலையில் கை வைத்துக்கொள்கிறீர்கள்? வலிக்கிறதா?

திறப்பு விழாவுக்கு டைரக்டர் ரிப்பன் வெட்டினார். சர்க்கரைப் பொங்கல் கொடுத்தோம். அந்தம்மாவைக் குத்துவிளக்கு ஏற்றச் சொன்னோம். அவர் கூரையைப் பார்க்கிறார், கிழக்கே பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். ஆனந்தத்தில் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. மறுவாரமே கோபுரத்தில் அவருக்குக் காலை நேரம் ஒதுக்கி உத்தரவு போட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேனா இல்லையா?

ஆனால் பாருங்கள், விதி. இது வேறு விதி. அந்தம்மா கோபுரத்தில் கால் வைத்த நாளிலிருந்து சூரியன் நடுங்க ஆரம்பித்துவிட்டது. விடிந்து கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. தாம்பாளத்தில் உலை கொதிக்கிறது. பரசுராமன் வந்து பார்த்துவிட்டு, "இத்தனை வருஷமா இல்லாதது இப்ப எப்படி வந்தது? புதுசா என்ன வந்திருக்கு கோபுரத்துக்கு?" என்று கேட்டார். அவர் யாரையும் பெயர் சொல்லவில்லை. பண்பானவர். எல்லோரும் அந்தம்மா பக்கம் திரும்பினார்கள், அவ்வளவுதான்.

விஞ்ஞானிகள் அல்லவா, சும்மா பழி போட மாட்டார்கள். பரிசோதனை செய்தார்கள். அந்தம்மாவை ஒரு மாதம் கோபுரத்திலிருந்து நிறுத்திப் பார்த்தார்கள். அப்போதும் நடுங்கியது. அதனால் இன்னும் இரண்டு மாதம் நிறுத்தினார்கள். பெங்களூரிலிருந்து ஆள் வந்து கண்ணாடியைக் கழற்றி மாட்டினான். ஆயுத பூஜையை இரண்டு தடவை செய்தோம். அந்தம்மா ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து, "கூரை சார், கூரை" என்பார். டைரக்டர், "மிஸ் வடிவு, உங்களுக்காகக் கட்டின கழிவறையை நீங்களே குறை சொல்றது நல்லா இல்ல" என்பார். டாக்டர் பட்டம் வாங்கியவரை மிஸ் என்பாரா என்கிறீர்களா? அன்பாகத்தான் அம்மா.

அப்புறம் ஒரு மார்ச் மாதம். அந்தம்மா எங்கள் வீட்டுக்கு வந்து அடுப்படியில் இவளிடம் என்னவோ குசுகுசுவென்று பேசினார். கதவோரம் போய்க் கேட்டேன். ஒரு பெரிய இழை சூரியனின் ஓரத்துக்கு வந்திருக்கிறதாம். "நாளைக்கு விட்டா போச்சு அக்கா. இந்த மாதிரி இன்னொண்ணு எப்ப வருமோ. பரசுராமன் கல்யாணத்துக்குப் போயிருக்கார், கோபுரம் காலியா இருக்கு. படம் மட்டும் அசையாம நின்னா போதும்." குரல் ஒரு மாதிரி உடைந்திருந்தது. அழக்கூடிய ஆள் இல்லை. இவள் என்ன சொன்னாள் தெரியுமா? "கூரைதான சூடாகுது? கோடையில நாங்க ஓட்டு மேல என்ன பண்ணுவோம்? சாக்க நனைச்சுப் போடுவோம்."

எனக்குப் புரியவில்லை. போய்ப் படுத்துவிட்டேன்.

காலையில் எழுந்தால் வீட்டில் ஆள் இல்லை. காபி இல்லை. ரேஷன் அரிசி வாங்கி வைத்திருந்த சாக்குகள் ஒன்றுகூட இல்லை. அரிசி தரையில் குவிந்து கிடக்கிறது! வெளியே வந்து மேட்டைப் பார்க்கிறேன். என் கூரைமேல், நான் தார் பூசிய கூரைமேல், என் மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்கிறாள். கீழே குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லோரும் வரிசையாக நின்று குடம் குடமாகத் தண்ணீர் ஏற்றிக் கொடுக்கிறார்கள். டைரக்டர் வீட்டம்மாவும் இருக்கிறார்! தண்ணீர்ப் பஞ்சக் காலத்தில் லாரிக்கு நிற்பது போல் நிற்கிறார்கள், ஆனால் எல்லோர் முகத்திலும் சிரிப்பு. இவள் சாக்கை விரித்து விரித்துத் தண்ணீரை ஊற்றுகிறாள். கோபுரத்துக் கதவு திறக்கிறது, அந்தம்மா தலையை நீட்டி, "அக்கா, நின்னுட்டுது! ரூபாய்க் காசு மாதிரி நின்னுட்டுது! ஊத்திக்கிட்டே இருங்க!" என்று கத்திவிட்டு உள்ளே ஓடுகிறார்.

நான் மேட்டடியில் நின்று, "தையல், எறங்கு! கவர்மெண்ட் கட்டடம்!" என்றேன். இவள் மேலேயிருந்து, "எறங்கறேன், ஒரு கொடம் கொண்டாங்க" என்றாள்.

பத்து மணி வரைக்கும் ஊற்றினார்கள். இழை எழும்பியது, எழும்பியது, பொங்கிப் பறந்தது. ஒன்றுவிடாமல் படம் எடுத்துவிட்டார். உலகமெல்லாம் பேர். பரசுராமன் கல்யாணத்திலிருந்து வந்து, "நான் ஊர்ல இருந்திருந்தா நானே பார்த்திருப்பேன்" என்றார். நியாயம்தானே?

என் கடமையையும் நான் செய்தேன். மறுநாளே மெமோ. அனுமதியின்றி அரசுக் கட்டடத்தின்மேல் வெளியாட்களை ஏற்றியதற்கும், கழிவறையை அதன் நோக்கத்துக்குப் புறம்பாகப் பயன்படுத்தியதற்கும் விளக்கம் தரவும். அந்தம்மா நேரில் வந்து சொன்னார்: "நோக்கத்துக்குத்தான் சார் பயன்படுத்துனேன். எனக்குக் கோபுரம் கிடைக்கணும்னுதான கட்டுனீங்க?" என்ன பதில் இது? இன்றுவரைக்கும் யோசிக்கிறேன், பிடிபடவில்லை.

அப்புறமாவது இடித்தார்களா என்கிறீர்களா? இடிப்பதற்கு மேலிட அனுமதி வேண்டும் அம்மா. ஆள் போடுவது என் கையில் இருந்தது. தினமும் காலையில் கூரைக்குச் சாக்கு நனைத்துப் போட ஒரு வேலை உண்டாக்கினேன். பெண்கள் நாலு பேர் விண்ணப்பித்தார்கள். எடுக்கவில்லை. கூரை ஏறுகிற வேலை, பெண்களுக்குச் சரிப்படாது. பரசுராமன் பிற்பாடு டைரக்டர் ஆனார். அந்தம்மா தகட்டு அறைக்குத் தலைவர் ஆனார், அந்த அறையில் அவர் ஒருவர்தான். ஓய்வு பெறுகிற அன்றைக்கும் கோபுரத்துக்குப் போய்விட்டு, அதன் பிறகுதான் மாலை போட்டுக்கொண்டார்.

நேற்று அந்தக் கழிவறையை இடித்துவிட்டீர்கள். இங்கே உட்கார்ந்தபடியே கேட்டேன், தம் தம் என்று. ஒவ்வொரு அடியும் நெஞ்சில் விழுந்தது. மேற்கே புதிதாகக் கட்டுகிறீர்களாம், கதவு இன்னும் வரவில்லையாம். இத்தனை வருஷம் கழித்து மேற்கே! அதனால்தான் அம்மா, மேடையில் எனக்கு ஒரு நாற்காலி போடுங்கள் என்கிறேன். பேசக்கூட வேண்டாம். "பெண் விஞ்ஞானிகளுக்காக முதன்முதலில் வசதி செய்து கொடுத்தவர்" என்று ஒரு வரி சொல்லி ஒரு கைதட்டல். ஜீப்பில் பின்னால் இடம் இருக்கிறது, பார்த்தேன்.

இதோ வந்துவிட்டாள். அந்த அரக்குப் புடவை. முழங்கால் வலிக்கு ஜீப் கேட்டவள் நடையைப் பாருங்கள்.

என்ன தையல்? நான் ஏன் வரக்கூடாது? சால்வைகூட எடுத்துவிட்டேனே.

கேட்டீர்களா அம்மா இவள் சொல்வதை? "அவர் வேண்டாம்மா. கோபுரத்துகிட்ட இன்னைக்கு ஆம்பளைங்களுக்குக் கழிவறை இல்ல. யூகலிப்டஸையும் வெட்டிட்டாங்க. இருக்கற இடத்துலயே இருக்கட்டும். அவர் நல்லதுக்குத்தான் சொல்றேன்." சிரிக்காதீர்கள், இதில் சிரிக்க என்ன இருக்கிறது? எழுந்துவிட்டீர்களே. சாவியை எடுக்காதீர்கள், நில்லுங்கள். வீடு இதோ கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. தேவைப்பட்டால் நான் போய்விட்டு வந்துகொள்ள மாட்டேனா? ஒரு மனுஷனை வராதே என்று சொல்ல இதெல்லாம் ஒரு காரணமா அம்மா?